சிறுநீரகம் கொடுத்தவரின் உடல்நலமும் உரிமையும்

உயிருடன் இருக்கும் ஒருவர் தம் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்த பின்னும் நெடுங்காலம் நலமாக வாழ முடியும் என்பதற்கு, 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் தம் இரட்டைச் சகோதரருக்குச் சிறுநீரகம் அளித்த ரொனால்டு ஹெரிக், அதன் பின் 56 ஆண்டுகள் வாழ்ந்தது முதற்சான்றாகும். எனினும், உறுப்பைப் பெற்றவர் வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டியிருப்பதால் மருத்துவரின் பார்வையிலேயே இருக்க, தினசரி மாத்திரை எதுவும் தேவைப்படாத கொடையாளரோ தையல் ஆறியவுடன் எவருடைய கணக்கிலும் இல்லாதவராகிவிடுகிறார். அவருடைய பிற்கால நலனுக்கு வரக்கூடிய கேடுகளில் பெரும்பாலானவை இந்தக் கவனக்குறைவிலிருந்தே தொடங்குகின்றன.

ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்ட பின் மற்றொன்று சற்றுப் பருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து வடிகட்டிய அளவில் ஏறத்தாழ 65 முதல் 70 விழுக்காட்டைத் தானே வடிகட்டத் தொடங்குகிறது. இதனால், தசைகளில் உண்டாகிச் சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும் கழிவான கிரியேட்டினின், இரத்தத்தில் முன்னைவிடச் சிறிது கூடுதலாகவே காணப்படும்; இதை நோய் என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. அறுவைக்குச் சில மாதங்களுக்குப் பின் எடுத்த அளவை அடிப்படையாகக் கொண்டு, அது ஆண்டுதோறும் ஏறுகிறதா என்று ஒப்பிடுவதே முறை. சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசிவதும், இரத்த அழுத்தம் உயர்வதும் முன்கூட்டியே எச்சரிக்கும் அறிகுறிகள். இவை வலியோ வீக்கமோ இன்றித் தொடங்குவதால் பரிசோதனையன்றி அறிய வழியில்லை.

ஆபத்து மிகச் சிறிது, ஆனால் இல்லாததன்று. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, 15 ஆண்டுகளில் கொடையாளர் 10,000 பேரில் ஏறத்தாழ 31 பேருக்கும், அவர்களை ஒத்த உடல்நலமுடைய பிறரில் ஏறத்தாழ 4 பேருக்கும் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்ததாகக் காட்டியது. கொடைக்குப் பின் கருவுறும் பெண்களுக்குப் பேறுகால இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு கூடுவதால், அவர்கள் முதல் பரிசோதனையிலேயே தாங்கள் கொடையாளர் என்பதை மகப்பேறு மருத்துவரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது.

அன்றாட வாழ்வில் அஞ்ச வேண்டியது மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கும் வலிமாத்திரைகளையே. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் பழக்கமாக விழுங்கப்படும் டைக்லோபெனாக், ஐபுபுரோபென் போன்றவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை; காய்ச்சலுக்கும் வலிக்கும் உரிய அளவில் பாராசிட்டமாலே ஏற்றது. நாட்டு மருந்து என்பதாலேயே எதுவும் பாதுகாப்பானதாகிவிடாது: ஆடுதின்னாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்குவதாக உறுதி செய்யப்பட்டுள்ளது. ஸ்கேன் எடுக்கும்போது நரம்பில் ஏற்றப்படும் சாயத்தைப் பற்றியும் முன்னரே மருத்துவரிடம் கேட்க வேண்டும். உப்பைக் குறைப்பதும், உடல் எடை கூடாமல் பார்ப்பதும், புகையிலையை அறவே விடுவதும், வெயிலில் உழைப்போர் நீர் அருந்த மறவாமையும் போதுமானவை. தனி உணவு முறை எதுவும் வேண்டியதில்லை.

உரிமைகளைப் பொறுத்தவரை, 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், அறுவையின் விளைவுகளையும் ஆபத்துகளையும் கொடையாளருக்கு விளக்குவதை மருத்துவரின் கடமையாக்கியுள்ளது. அறுவை தொடங்கும் முன் எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். கொடுப்பவர் பெண்ணாயின், அவருடைய சுதந்திரமான சம்மதத்தைப் பெறுநர் அல்லாத ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும் என 2014ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன; குடும்பத்துக்காகக் கொடுப்பவர்களில் பெண்களே மிகுதி என்பதால் இவ்விதியை வெறும் கையெழுத்தாகக் கழித்துவிடுவது பெரும் அநீதி. மத்திய அரசு ஊழியருக்கு உறுப்புக் கொடைக்கென 42 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை. ஆனால் அவற்றை மூன்றாண்டுகள் பாதுகாப்பதே கட்டாயம் என்பதால், வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் பதிவுகளின் நகலைக் கொடையாளர் தாமே பெற்று வைத்துக்கொள்வது நல்லது. ஆபத்துகளை விளக்காமல் அறுவை செய்யப்பட்டிருந்தாலோ சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்திருந்தாலோ, இரண்டாண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

பணத்துக்காக உறுப்பை விற்பவரின் நிலையோ முற்றிலும் வேறு. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றதாகவும், 86 விழுக்காட்டினர் அதன் பின் உடல்நலம் குன்றியதாகவும் கூறினர். அவர்களுடைய குடும்ப வருமானமும் குறைந்தே போனது. மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் தரகருக்கு மட்டுமன்றி விற்பவருக்கும் ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை இருப்பதால், ஏமாற்றப்பட்டோர் வெளியே சொல்ல அஞ்சுகின்றனர். அத்தகையோர் காவல் நிலையத்துக்குச் செல்லும் முன், 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ஆலோசனையைப் பெறுவது நன்று.

சிறுநீரகம் கொடுத்து ஓராண்டுக்கு மேலாகியும் பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள், இரத்த அழுத்தம், கிரியேட்டினின், இரத்தச் சர்க்கரை, சிறுநீர் அல்புமின் ஆகிய நான்கையும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இந்த மாதமே பார்த்துக்கொள்ள வேண்டும்.