கிட்டப்பார்வையும் விழித்திரைப் பரிசோதனையும்

கண் சிகிச்சை முகாம் என்றவுடன் கிராம மக்களின் நினைவுக்கு வருவது கண்புரையே. உத்திரமேரூர் வட்டாரத்தில் முகாம் நடைபெறுமென்று அறிவித்தால் முதியோர் பலர் வந்து கூடுவர். சிறு வயது முதற்கொண்டு தடித்த மூக்குக் கண்ணாடி அணிந்து வருவோரோ பெரும்பாலும் வருவதில்லை. “எமக்குத்தான் கண்ணாடி இருக்கிறதே” என்பது அவர்கள் கூறும் காரணம். வந்தாலும், கண்ணாடியுடன் எழுத்துப் பலகையைச் செவ்வனே படித்துவிடுவதால் குறையொன்றுமில்லை என்று எண்ணித் திரும்புகின்றனர். உண்மையில் முகாமில் தவறாது பரிசோதிக்கப்பட வேண்டியவர்களுள் இவர்களும் அடங்குவர்.

கண்விழி முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. கடுமையான கிட்டப்பார்வை உடையோரிடம் அது 26 மில்லிமீட்டருக்கு மேலும் நீண்டுவிடுகிறது. கண்ணாடிச் சீட்டில் கழித்தல் குறியுடன் 6 அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருப்பின் அதனைக் கடுமையானதெனக் கொள்வர். விழி நீளும்போது அதன் உட்புறத்தே படர்ந்துள்ள விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. கண்ணாடி ஒளியைத் திரையின்மீது சரியாக விழச் செய்யுமேயன்றி, நீண்ட விழியைக் குறுக்காது. கண்ணாடியைத் தவிர்க்கும்பொருட்டு லேசர் சிகிச்சை செய்துகொண்டோர்க்கும் இது பொருந்தும். கண்ணாடி போய்விட்டதால் ஆபத்தும் போயிற்றென்று அவர்கள் கருதிவிடலாகாது.

மெலிந்த திரையில், பெரும்பாலும் அதன் ஓரப்பகுதியில், சிறு துளையோ கிழிசலோ உண்டாகலாம். அப்போது வலி சிறிதும் இராது, பார்வையும் மங்காது. ஏரியைப் பேணும் உழவர்க்கு இதை விளக்குதல் எளிது. கரையில் விழுந்த சிறு துளை வழியே நீர் புகுந்து மண்ணை அரிப்பதுபோல, விழியினுள் இருக்கும் நீர்மம் அத்துளை வழியே புகுந்து திரையைப் பின்சுவரினின்றும் பெயர்த்துவிடுகிறது. பெயர்ந்த பகுதியில் பார்வை இல்லை. சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஜூல் கொனேன் என்பார், இந்தக் கிழிசலே திரை பெயர்வதற்குக் காரணமென்றும், அதனை அடைத்தால் திரை மீண்டும் ஒட்டுமென்றும் 1920-களில் நிலைநாட்டினார். அதற்கு முன் திரை பெயர்ந்தவர் பார்வை பெறுவது அரிதினும் அரிது.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பொறிக்கப்பட்டுள்ள, ஏறத்தாழ கி.பி. 921-ஆம் ஆண்டின் கல்வெட்டு, குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு 6 பேரைத் தேர்ந்தெடுக்கும் விதியைக் கூறுகிறது. அவர்களுடைய பொறுப்பு ஓராண்டுக் காலம். கடுமையான கிட்டப்பார்வை உடையவரின் விழித்திரைக்கும் ஆண்டுக்கொரு மேற்பார்வை வேண்டும். கோளாறு தென்பட்டவரை மருத்துவர் இன்னும் அடிக்கடி வரச் சொல்வார்.

பரிசோதனை கடினமானதன்று. கண்ணில் சொட்டு மருந்து விடுவர். அரை மணி நேரத்தில் கண்மணி விரியும். மருத்துவர் தம் தலையில் பொருத்திய விளக்கின் ஒளியை, கையிலுள்ள வில்லை வழியாக உட்செலுத்தி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் பார்க்கச் செய்து திரையின் விளிம்புவரை ஆராய்வார். கண்மணியை விரிக்காமல் பார்த்தாலோ, திரையின் நடுப்பகுதியை மட்டும் புகைப்படம் எடுத்தாலோ, ஓரத்திலுள்ள கிழிசல் தப்பிவிடக்கூடும். சில மணி நேரம் கண் கூசும், அருகிலுள்ளவை மங்கலாகத் தெரியும். ஆதலின் மிதிவண்டியோ மோட்டார் வண்டியோ தாமே ஓட்டிச் செல்லாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நலம்.

சிகிச்சை தேவையான துளை தென்பட்டால், அதனைச் சுற்றி லேசர் ஒளியால் தழும்பு உண்டாக்கித் திரையைச் சுவருடன் பிணைப்பர். மருத்துவமனையில் தங்க வேண்டுவதில்லை. இதனால் பார்வை கூடாது. உள்ள பார்வை காக்கப்படும். (பார்வை கூடவில்லையே என்று குறைப்படுவோர் உளர், கரையை அடைத்ததால் ஏரியில் நீர் பெருகுவதில்லை.) கண்ணழுத்த நோயும், திரையின் மையத்தில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும் கோளாறும் இவர்களிடையே மிகுதி. நேரான வரப்போ கதவு நிலையோ வளைந்து தோன்றுமாயின் பின்னதன் அறிகுறியாகலாம். இதற்குக் கண்ணினுள் செலுத்தும் ஊசி மருந்து உண்டு.

ஆண்டுப் பரிசோதனை செய்துகொண்டவரும் சில அறிகுறிகளை மனத்திற்கொள்ள வேண்டும். கண்ணில் திடீரென மின்னல் வெட்டுவது, கொசுக் கூட்டம்போல் கரும்புள்ளிகள் புதிதாய்ப் பறப்பது, ஒரு பக்கம் திரைச்சீலை இறங்கினாற்போல் இருள்வது ஆகியவை பித்தமுமல்ல, உடற்சூடுமல்ல. “அறுவடை முடியட்டும்” என்று தள்ளிப்போடுதல் பெருங்கேடு. பெயர்வு மையப் பகுதியை எட்டுமுன் அறுவை சிகிச்சை செய்தால் நல்ல பார்வை எஞ்சும். எட்டியபின் செய்தால் திரை ஒட்டினாலும் முன்போன்ற தெளிவு திரும்புவது அரிது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் சில வேளை ஓரிரு நாட்களே. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்; சென்னை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை சென்னையிலேயே உள்ளது. காலையில் அறிகுறி கண்டவர் அன்றைக்கே சென்று சேரக்கூடிய தொலைவுதான்.

ஊராட்சி உறுப்பினர்கள் இதில் பெரிதும் உதவலாம். கிராம சபை கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுள் ஒன்றில், தடித்த கண்ணாடி அணிவோர் தத்தம் கண்ணாடிச் சீட்டைக் கொண்டுவருமாறு கூறி, 6-க்கு மேற்பட்டோரின் பெயர்களை, அவர்தம் இசைவுடன், குறித்துக்கொள்ளலாம். அப்பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து, அடுத்த முகாமில் இவர்களுக்குக் கண்மணி விரித்துப் பார்க்கும் வசதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். வசதி இல்லையெனில், வேறொரு நாளில் அனைவரையும் ஒரே வண்டியில் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பலாம். பட்டியலில் உள்ளவர்களின் பிள்ளைகளையும் பள்ளிக் கண் பரிசோதனைக்குத் தவறாது அனுப்பச் சொல்லுதல் வேண்டும். கிட்டப்பார்வை குடும்பவழி வருவதுண்டு.