நாவலும் திரையும்: 'பொசெஷன்' பெற்ற விமரிசனம்

புகழ்பெற்ற நாவலொன்று திரைப்படமாகும்போது, அது மூலத்துக்கு விசுவாசமாக இருக்கின்றதா என்ற வினாவே முதலில் எழுகின்றது. 2002 ஆம் ஆண்டில் வெளியான 'பொசெஷன்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைப் பற்றி விமரிசகர்கள் இரு கட்சியாகப் பிரிந்தமைக்கும் இவ்வினாவே பெருங் காரணமாயிற்று.

இதன் மூலம், ஏ. எஸ். பயற் அம்மையார் 1990 இல் வெளியிட்டு, அவ்வாண்டின் புக்கர் பரிசைப் பெற்ற நாவலாகும். ரோலண்ட் என்னும் இளம் ஆய்வாளன் இலண்டன் நூலகத்துப் பழைய நூலொன்றினுள், விக்ரோறியா மகாராணி காலத்துக் கவிஞரான ஆஷ் எழுதிய கடித வரைவுகளைக் காண்கின்றான். அவை எந்தப் பெண்ணுக்கு எழுதப்பட்டவை? அதனை அறியும் ஆவல் அவனை மோட் பெய்லி என்னும் ஆய்வாளரிடம் கொண்டு சேர்க்கின்றது. கிறிஸ்ரபெல் என்ற பெண் கவிஞரோடு ஆஷ் கொண்டிருந்த மறைவான காதலை இருவருந் துருவித் துருவி ஆராய்கையில், அவர்களிடையேயும் அன்பு அரும்புகின்றது.

ஆஷும் கிறிஸ்ரபெலும் கற்பனை மாந்தரே. அவர்களுடைய கவிதைகளையும் கடிதங்களையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நடையில் பயற் அம்மையாரே இயற்றினார். பொம்மையைப் பற்றிய கவிதையொன்று கடிதக் கட்டு மறைந்திருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கின்றது. இவ்வாறு, கவிதையை ஊன்றிப் படிப்பதே நாவலில் துப்பறிதலாகின்றது. இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்த படத்திலே நெறியாளர் நீல் லபியூற் இவற்றுட் பெரும்பகுதியை விட்டுவிட நேர்ந்தது. நாவலின் உயிரே போயிற்று என மூலத்தை நேசித்தோர் குறைகூறினர்.

ரோலண்டை அமெரிக்கனாக்கியமையும் கண்டிக்கப்பட்டது. நாவலில் அவன் வறியவன், கூச்சமுடைய ஆங்கிலேயன். படத்திலோ, ஆரன் எக்கார்ட் ஏற்ற பாத்திரம் துணிவுமிக்கது. ஜெரமி நோதமும் ஜெனிபர் ஈலியும் நடித்த பழங்காலக் காதலே உள்ளத்தைத் தொடுகின்றது, இக்காலக் காதல் அத்துணை ஒளிரவில்லை என்றனர் பலர். எனினும், அமெரிக்க விமரிசகர் ரோஜர் ஈபர்ட் படத்தை மனமுவந்து வரவேற்றார்.

இக்குற்றச்சாட்டுக்களை ஒரே தராசில் நிறுத்தலாகாது. கவிதை குறைந்தமை திரைக் கலையின் எல்லையால் வந்தது. அதற்கீடாக நடிகரின் முகமும், யோக்ஷயர்க் கடற்கரையும், ஒரே இடத்தில் இரு காலங்களை அடுத்தடுத்துக் காட்டும் உத்தியும் வந்து சேர்கின்றன. ரோலண்டின் இயல்பு மாறியமை அத்தகையதன்று. கட்டுப்பாடு மிகுந்த காலத்தவர் துணிந்து காதலித்தனர். சுதந்திரம் மிகுந்த காலத்தவரோ காதலிக்க அஞ்சுகின்றனர். இம்முரண்பாடே நாவலின் கருப்பொருள். ரோலண்ட் துணிவுடையவனானதும் அது தளர்ந்துவிடுகின்றது.

ஆயினும், நாவலின் முடிவைப் படம் பேணியுள்ளது. ஆஷ் ஒரு சிறுமியைப் புல்வெளியிலே சந்திக்கும் அக்காட்சி எந்த ஏட்டிலும் பதியப்படாதது; ஆய்வாளர் அறியாத உண்மையை அங்கே பார்வையாளர் அறிகின்றனர். கடிதங்கள் யாவுங் கிடைத்தாலும் ஒருவரின் வாழ்வு முழுமையாகக் கிட்டிவிடாது என்ற நாவலின் கருத்தை அக்காட்சி உணர்த்திவிடுகின்றது. திரைப்படத்தின் விசுவாசத்தை அளப்பதற்கு, விடப்பட்ட பக்கங்களின் தொகையிலும் இதுவே தக்க சான்றாகும்.