சிபாரிசின் ஆயுள் எத்தனை நாள்?

இணையத்தில் ஒரு பொருளைப் பற்றி ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு, அவர் காட்டிய சுட்டியைத் தொட்டுக் கடைக்குள் நுழைந்த வாசகர், அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் திரும்பிப் பத்து நாள் கழித்துத் தாமாகவே அதே கடைக்குச் சென்று அதே பொருளை வாங்குவாரானால், அவ்விற்பனைக்குரிய கமிஷன் எழுதியவருக்குச் சேர வேண்டுமா, வேண்டாமா? பத்து நாள் என்பது நூறு நாள் ஆனால் விடை மாறுமா? அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று வர்த்தகர்கள் வழங்கும் சிபாரிசு வியாபாரத்தில், யாருக்குப் பணம் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் வினா இதுதான். இதற்கு விடை கூறும் பொறுப்பை வாசகரின் பிரௌசரில் கிடக்கும் ஒரு சிறு குறிப்பிடம் பெரும்பாலும் ஒப்படைத்திருக்கிறார்கள். அக்குறிப்பைக் குக்கீ என்கிறோம். அதன் ஆயுள் எவ்வளவோ அவ்வளவே சிபாரிசின் ஆயுளும்.

வலைத்தளங்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் எச்.டி.டி.பி. என்னும் முறை இயல்பிலேயே ஞாபகமற்றது. இப்போது ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த கணம் வேறொரு பக்கத்தைக் கேட்டவரும் ஒருவர்தாமா என்பதைச் சர்வர் தானாக அறியாது. 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுலி என்னும் இளம் பொறியாளர், வாங்குபவர் கூடையில் சேர்த்த பொருள்களின் விவரத்தைக் கடைக்காரரின் கணினியில் சுமத்தாமல், வாங்குபவரின் பிரௌசரிலேயே எழுதிவைத்துத் தேவையானபோது திரும்பப் பெறும் உபாயமாகக் குக்கீயை வகுத்தார். அதே ஆண்டில் சிடிநவ் என்னும் இசைத்தட்டுக் கடையும், 1996ஆம் ஆண்டு ஜூலையில் அமேசானும், தம் பொருள்களைச் சிபாரிசு செய்யும் தளங்களுக்குக் கமிஷன் தரும் திட்டங்களைத் தொடங்கின. கூடையை ஞாபகம் வைக்கப் பிறந்த குறிப்பு, கூடைக்கு ஆளை அனுப்பியவர் யார் என்பதையும் ஞாபகம் வைக்கும் கணக்கனாக நாளடைவில் மாறிற்று.

குக்கீ பிறக்கும்போதே அதன் மரண காலமும் உடன் எழுதப்படுகிறது. காலம் குறிக்கப்படாத குக்கீ, பிரௌசரை மூடியதும் அழிவதற்கென்றே வைக்கப்படுவது. காலம் குறிக்கப்பட்டதோ, மேக்ஸ்-ஏஜ் என்னும் விநாடிக் கணக்கின்படி உயிர்வாழும். முப்பது நாள் வாழ வேண்டுமாயின் 25,92,000 என்று எழுதினால் போதும். இவ்வெண்ணை எழுதுவதற்குச் செலவு ஒன்றுமில்லையாதலால், ஆரம்ப காலத்தில் இதில் அளவென்பதே இல்லாதிருந்தது. கூகுள் தன் தேடல் பக்கத்துக் குக்கீகளுக்கு 2038ஆம் ஆண்டுவரை ஆயுள் கொடுத்திருந்து, 2007இல்தான் அதை இரண்டாண்டாகக் குறைத்தது. சிபாரிசுத் திட்டங்களில் முப்பது நாள் பரவலான வழக்கு. தொண்ணூறு நாள் தருவோரும் உண்டு. அமேசானோ இருபத்துநான்கு மணி நேரமே தருகிறது. அதற்குள் வாசகர் பொருளைக் கூடையில் இட்டுவிட்டால் மட்டும், ஏறத்தாழத் தொண்ணூறு நாளுக்குள் அவர் வாங்குவதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

ஒரு நாளுக்கும் தொண்ணூறு நாளுக்கும் இடையே இவ்வளவு பேதம் இருப்பானேன்? நிலத்தரகர் ஒருவர் மனையைக் காட்டிய மூன்றாம் நாள் கிரயம் முடிந்தால் அவருக்குத் தரகு உண்டென்பதை எவரும் மறுக்கமாட்டார். மூன்றாண்டு கழித்து முடிந்தால், அவர் காட்டியதனால் முடிந்ததா, காட்டாமலே முடிந்திருக்குமா என்ற சந்தேகம் எழும். நாள் ஏற ஏறக் காரியத்துக்கும் காரணத்துக்கும் உள்ள சம்பந்தம் தளர்கிறது. ஆகவே குக்கீயின் ஆயுளைப் பற்றிய விவாதம், வெளிப்பார்வைக்குக் கொடுப்பவரின் தாராளத்தையும் பெறுபவரின் பேராசையையும் பற்றியதாகத் தோன்றினாலும், உண்மையில் அது காரணத்தைக் கண்டறியும் அறிவியல் பிரச்சினையே ஆகும்.

விளம்பரத்தின் செல்வாக்கு காலப்போக்கில் தேய்கிறது என்பதைக் கணிதத்தில் பொருத்திக் காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் பிராட்பென்ட். 1979இல் அவர் முன்வைத்த ‘ஆட்ஸ்டாக்’ என்னும் கருத்தின்படி, கதிரியக்கப் பொருளுக்கு அரை ஆயுள் இருப்பதுபோல விளம்பரத்தின் செல்வாக்குக்கும் ஓர் அரை ஆயுள் உண்டு. ஒரு சிபாரிசின் அரை ஆயுள் மூன்று நாள் என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாளில் அது பத்து முறை பாதியாகி, தொடக்கத்தில் இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். ஆனால் அந்த வாசகர் சிபாரிசே இன்றித் தம் வழக்கப்படி அக்கடையில் ஏதேனும் வாங்கும் சாத்தியமோ தேய்வதில்லை. மூன்று நாளில் இருப்பதைவிட முப்பது நாளில் அது ஏறக்குறையப் பத்து மடங்காகச் சேர்ந்துகொண்டே போகிறது. குக்கீயின் ஆயுளை நீட்ட நீட்ட, சிபாரிசால் நிகழ்ந்த விற்பனைகள் சிறிதே கூடுகையில், எப்படியும் நிகழ்ந்திருக்கக்கூடிய விற்பனைகளே பெருமளவில் அதன் வலையில் விழுகின்றன. நீண்ட குக்கீ அதிக விற்பனையைக் காட்டுகிறது என்ற புள்ளிவிவரத்தைக் கண்டு மகிழும் வியாபாரி பெரும்பாலும் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

இது வெறும் அனுமானமன்று. ஈபே நிறுவனத்தில் நடந்து, 2015இல் தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் ஆகியோரின் பெயரில் வெளியான ஆராய்ச்சியில், ‘ஈபே’ என்ற பெயரையே தேடுவோருக்குக் காட்டும் கட்டண விளம்பரத்தைச் சில தேடல் தளங்களில் நிறுத்திப் பார்த்தார்கள். அவ்விளம்பரத்தின் வழியாக வந்துகொண்டிருந்தோரில் நூற்றுக்கு 99.5 பங்கினர், விளம்பரம் இல்லாதபோது கட்டணமற்ற சாதாரணத் தேடல் முடிவின் வழியாகவே வந்து சேர்ந்தனர். மற்றச் சொற்களுக்கான விளம்பரங்களை நாட்டின் சில பகுதிகளில் நிறுத்தியபோது, அடிக்கடி வாங்கும் பழைய வாடிக்கையாளரிடம் மாற்றமேதும் காணப்படவில்லை. புதியவர்களிடமும் அரிதாக வருவோரிடமுமே விளம்பரம் வேலை செய்தது தெரியவந்தது. அது தேடல் விளம்பரத்தைப் பற்றிய பரிசோதனைதான் என்றாலும், கிளிக் ஒன்று முன்னே நிகழ்ந்தது என்ற ஒரே காரணத்தால் பின்னே நிகழ்ந்த விற்பனைக்கு அதுவே காரணம் என்று கொள்ளலாகாது என்ற பாடம் சிபாரிசு வியாபாரத்துக்கும் அப்படியே பொருந்தும்.

நீண்ட ஆயுளில் வேறொரு விபரீதமும் ஒளிந்திருக்கிறது. வாசகர் எந்தச் சுட்டியையும் தொடாதபோதே அவருடைய பிரௌசரில் கள்ளத்தனமாகக் குக்கீயை நுழைத்துவைத்து, என்றாவது அவர் வாங்கும்போது கமிஷனைக் கவரும் மோசடிக்குக் குக்கீ திணிப்பு என்று பெயர். ஈபேயின் சிபாரிசுத் திட்டத்தில் இவ்வாறு செய்ததற்காக அமெரிக்க நீதிமன்றம் 2014இல் இருவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. திணித்த குக்கீ ஒரு நாளில் சாகுமாயின் அதனால் கிடைக்கும் ஆதாயம் அற்பம். மூன்று மாதம் வாழுமாயின் அது வட்டி குட்டி போடும் முதலாகிவிடும். மேலும், கடைசியாகத் தொட்ட சுட்டிக்கே முழுக் கமிஷனும் என்ற வழக்கு பல திட்டங்களில் நிலவுவதால், விரிவாக ஆராய்ந்து எழுதியவரின் தொண்ணூறு நாள் குக்கீயை, பணம் கட்டும் தருணத்தில் தள்ளுபடிக் கூப்பன் காட்டிக் குறுக்கே புகும் ஒரு தளம் ஒரே நொடியில் அழித்துத் தன் பெயரை எழுதிவிடலாம். நாள் கணக்கைக் கண்டு ஏற்பட்ட சந்தோஷம் அவருக்குப் பணமாக மாறுவதில்லை.

அப்படியாயின் எவ்வளவு காலமே தகும்? சிபாரிசின் வழியே வந்தவர் ஒருவர் ஒரு நாளில் வாங்கும் விகிதம், அவரைப் போன்றே இருந்தும் சிபாரிசைக் காணாத ஒருவர் வாங்கும் விகிதத்துக்கு இறங்கிவிடும் நாளே நியாயமான எல்லை என்பது என் அபிப்பிராயம். இதை அறிய, கிளிக்குக்கும் கொள்முதலுக்கும் இடைப்பட்ட நாள்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்து வரைந்து பார்ப்பது முதற்படி. ஆயினும் முப்பது நாளில் இறந்துவிடும் குக்கீயைக் கொண்டு முப்பத்தோராம் நாளின் செய்தியை அறிய முடியாதாதலால், பரிசோதனைக் காலத்தில் மட்டும் ஆயுளைச் சற்றே நீட்டி அளக்க வேண்டும். இரண்டாம் படி, முன்பே அக்கடையில் வாங்கியவரையும் புதியவரையும் பிரித்துக் காண்பது. பலசரக்கு, அழகுப் பொருள் போன்று உடனே முடிவெடுப்பவற்றுக்கு ஒரு நாள் முதல் ஒரு வாரம் போதும். கைப்பேசி, குளிர்சாதனப் பெட்டி போன்று விலை ஒப்பிட்டு வாங்குபவற்றுக்கு ஒரு மாதம் பொருத்தம். காப்பீடு, வெளிநாட்டுப் பிரயாணம், நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள் என்று பலரைக் கலந்து முடிவெடுப்பவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கொடுத்தாலும் தவறில்லை. எல்லாப் பண்டங்களுக்கும் முப்பது நாள் என்று ஒரே அளவுகோலை நீட்டுவது, கணக்கெழுதுபவருக்குச் சௌகரியமேயன்றி நியாயமாகாது.

வியாபாரிகள் தமக்குள் நாள் கணக்குப் பேசிக்கொண்டிருக்கையில், பிரௌசர்களை ஆக்குவோர் தாமே தீர்ப்பெழுதத் தொடங்கிவிட்டனர். ஆப்பிளின் சஃபாரி, பக்கத்தில் ஓடும் நிரலால் எழுதப்படும் குக்கீகளுக்கு 2019இல் ஏழு நாளையே உச்ச வரம்பாக்கிற்று. பின்தொடர்வதாகத் தான் அறிந்துகொண்ட தளத்திலிருந்து அடையாளம் சுமந்து வரும் சுட்டியானால் அதை இருபத்துநான்கு மணி நேரமாகக் குறைத்தது. 2020 மார்ச்சில் பிற தளங்களின் குக்கீகளை முற்றிலும் தடுத்துவிட்டது. கூகுளின் குரோம், பிற தளக் குக்கீகளை ஒழிப்பதாக 2020இல் அறிவித்துப் பலமுறை தவணை தள்ளி 2024இல் அத்திட்டத்தைக் கைவிட்டதெனினும், 2022 ஆகஸ்ட் முதல் எந்தக் குக்கீயும் நானூறு நாளுக்கு மேல் வாழாதபடி வரம்பு கட்டியிருக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் தொண்ணூறு நாள் என்று எழுதியிருந்தும், நடைமுறையில் அது ஒரு வாரமாகவோ ஒரு நாளாகவோ சுருங்கிவிடக்கூடும். கைப்பேசியில் படித்துக் கணினியில் வாங்கும் வாசகரிடத்திலோ, எவ்வளவு நீண்ட குக்கீயாயினும் பயனற்றதே.

இவ்விவகாரத்தில் விற்பவர், சிபாரிசு செய்பவர் என்னும் இருவரையன்றி, குறிப்பைத் தம் கருவியில் சுமந்துகொண்டிருக்கும் மூன்றாமவரான வாசகரும் இருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், பிளானட்49 என்னும் வழக்கில் 2019 அக்டோபர் 1ஆம் நாள் அளித்த தீர்ப்பில், குக்கீ எவ்வளவு காலம் இயங்கும் என்பதைப் பயனருக்கு அறிவித்தாக வேண்டுமென்று விதித்தது. முன்கூட்டியே டிக் செய்து வைத்த கட்டத்தைச் சம்மதமாகக் கொள்ளவும் மறுத்தது. காலத்தை அறிவிக்க வேண்டுமென்றால், அக்காலத்துக்கு ஒரு காரணமும் கூற முடிந்திருக்க வேண்டும். ஒரு நாள் ஞாபகம் என்பது ஒரு நாள் கண்காணிப்பும் ஆகையால், சிபாரிசின் செல்வாக்கு தீர்ந்த பின்னும் குறிப்பை உயிரோடு வைத்திருப்பதற்கு விற்பவரிடம் கணக்கும் இல்லை. வாசகரிடம் சொல்லத்தக்க நியாயமும் இல்லை. தன் பண்டம் எத்தனை நாள் யோசித்து வாங்கப்படுகிறது என்பதை அளந்து, அந்த எண்ணைக் காரணத்தோடு வெளியிடும் கடை, சிபாரிசு செய்பவருக்குரிய கூலியையும் வாசகருக்குரிய மரியாதையையும் ஒருங்கே அளித்ததாகும்.