பெயின்ட் தொட்டியருகே ஒரு வேதியியல் பட்டதாரி

சேரப்பணஞ்சேரியை அடுத்த ஒரகடத்தில் 2012இல் டைம்லர் லாரி ஆலை திறக்கப்பட்டது. 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இவற்றில் இன்ஜினீயருக்கும் ஐடிஐ படித்தவருக்கும் மட்டுமே வேலை என்று எண்ணி, பி.எஸ்சி., பி.காம். மாணவர்கள் பலர் விலகிப் போவது வருத்தம் தருகிறது.

வாகன ஆலைகளில் வண்டிக் கூட்டைப் பெயின்ட் தொட்டியில் முக்கியெடுக்கிறார்கள். அந்தக் கரைசலின் அமில, காரத் தன்மையையும் மின்கடத்தும் திறனையும் விடாமல் சோதிக்க வேண்டும். பிசகினால் பூச்சு சீராக ஒட்டாது, பின்னாளில் துருப்பிடிக்கும். வேதியியல் படித்தவருக்குக் கைவந்த வேலை இது! கொள்முதல், ஏற்றுமதி ஆவணங்கள், செலவுக் கணக்கு எல்லாம் பி.காம். படித்தவர் செய்யக்கூடியவை.

இந்த வேலைகளைப் பழக வழியும் இருக்கிறது. தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் 1961இல் வந்தது. 2014இல் செய்த திருத்தத்தால், பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் மாத உதவித்தொகையோடு அப்ரண்டிஸாகச் சேரலாம். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச் முதல் நடக்கிறது. கல்லூரியிலேயே திறன் பயிற்சி தருகிறது.

பட்டம் முடித்தவர்கள் அப்ரண்டிஸாகச் சேர, தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் ‘நாட்ஸ்’ இணையதளத்தில் பதிவுசெய்யலாம். இதைக் கவனிக்கும் தென்மண்டல தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது.