வேலும் யாரியும்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1900ஆம் ஆண்டை ஒட்டி அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் கிடைத்து, இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இடம்பெற்றிருக்கும் இரும்பு ஆயுதங்களுள் வேல்முனைகளும் உள்ளன. வேல் வடித்துக் கொடுப்பதைக் கொல்லனின் கடமையாகப் புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் வகுத்துரைப்பதும், போரில் முனை முறிந்த அதியமானின் வேல்கள் உலைக்களத்தில் கிடப்பதையே அவன் பெருமையாக ஔவையார் 95ஆம் பாடலில் காட்டுவதும், அக்கருவி பழந்தமிழர் வாழ்வில் பெற்றிருந்த மதிப்பைத் தெளிவாக்குகின்றன.

ஜப்பானியரின் ஈட்டியான 'யாரி', வாளைப் போலவே தீட்டப்பட்ட அலகும், காம்பினுள் ஆழமாகச் செருகப்படும் நீண்ட அடித்தண்டும் கொண்டது. நாரா நகரின் கோஃபுகுஜி பௌத்த ஆலயத்தைச் சார்ந்த ஹோசோயின் மடத்துத் துறவி இன்யெய் (1521–1607), இருபுறமும் கிளையலகுகள் நீண்ட சிலுவை வடிவ யாரியைக் கொண்டு தனிப் பயிற்சிமுறையை உருவாக்கினார். எதிரியின் ஈட்டியைத் தடுக்கவும் அழுத்தி விலக்கவும் அக்கிளைகள் உதவுவதால், குத்துவதற்கே உரிய கருவி தற்காப்புக் கருவியாகவும் விரிந்தது. துறவி ஒருவரின் மடத்தில் போர்க்கலை இவ்வாறு நுணுக்கம் பெற்றது வியந்து போற்றத்தக்கது. அம்மரபு நாராவில் இன்றும் பயிலப்படுகிறது. தமிழகத்திலோ, நீண்ட கழியின் நுனியில் இரும்பு முனை பொருத்திய வேல்கம்பு, சிலம்பக் கலையின் ஆயுதங்களுள் ஒன்றாகத் தொடர்கிறது.