தேய்ந்த மூட்டுக்கு ஒரு சாரம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற என் வலது முழங்கால் இப்பொழுது படியேற மறுக்கின்றது. "குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, அது மீண்டும் வளராது" என்றார் மருத்துவர். விரலிற் பட்ட கத்திக் காயம் பத்து நாளில் ஆறிவிடுகிறதே, இது மட்டும் ஏன் ஆறாது?

காயத்தை ஆற்றும் பொருள்களைக் கொணர்வது இரத்தம். மூட்டுக் குருத்தெலும்பிலோ இரத்தக் குழாய்களே இல்லை. அதிலுள்ள மிகச் சில உயிரணுக்கள் மூட்டுநீரிலிருந்து ஊறிவரும் உணவைக் கொண்டே காலந்தள்ளுகின்றன. சிதைந்த குருத்தெலும்பு சீராவதில்லை என்பதை வில்லியம் ஹண்டர் என்னும் மருத்துவர் 1743-ஆம் ஆண்டிலேயே இலண்டனில் எழுதிவைத்தார்.

1994-இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் ஒரு வழியை வெளியிட்டனர். நோயாளியின் குருத்தெலும்பிலிருந்தே உயிரணுக்களை எடுத்து, ஆய்வுக்கூடத்திற் பெருக்கி, முழங்காற் பள்ளத்தில் இட்டனர். நீரிற் கலந்து இட்டவை ஓரிடத்தில் நிற்கவேண்டுமே! எலும்பின் மேலுறையில் ஒரு துண்டை வெட்டி, பள்ளத்தின்மேல் தைத்து மூடினர்.

உயிரணுக்கள் பற்றி வளர ஒரு பிடிப்பு வேண்டும் என்பது இதனால் விளங்கும். கொத்தனார் நின்று வேலை செய்யச் சாரம் கட்டுகிறோம் அல்லவா? அத்தகைய சாரத்தை இன்று அச்சிடுகின்றனர். பாலிகேப்ரோலேக்டோன் என்னும் பாலிமர் ஏறக்குறைய 60 பாகை வெப்பத்தில் உருகும். உருகியதை நுண்ணிய துளைவழியே, இடியாப்பம் பிழிவதுபோல, இழையாக வடிக்கிறது பொறி. ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் அமைய, இடையே விடப்படும் கண்களில் உயிரணுக்கள் குடியேறுகின்றன. உணவும் அவ்வழியே செல்கின்றது.

கட்டடம் எழுந்தபின் சாரத்தைப் பிரிக்க ஆளுண்டு. உடலினுள் அது தானே கரையவேண்டும். இப்பாலிமரை உடலின் நீரே சிறிது சிறிதாக அறுக்கின்றது. முற்றும் மறைய இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். முந்திக் கரைந்தால் இளந்திசு நொறுங்கும். பிந்தினால் வளர்ச்சிக்கு இடையூறு. அறிவியலாரை வருத்தும் கணக்கு இதுவே.

2018-இல் சீன நாட்டு மருத்துவர்கள், ஒரு செவி வளராத ஐந்து சிறுவர்க்குச் செவி செய்த செய்தியை வெளியிட்டனர். மறுசெவியின் வடிவை ஒட்டி அச்சிட்ட வார்ப்பிற் சாரத்தை உருவாக்கி, அச்சிறுவரின் உயிரணுக்களையே அதிலிட்டு வளர்த்தனர். உள்ளே தாங்கி நின்றது இதே பாலிமர் வலை.

செவி உடலைச் சுமப்பதில்லை. படியேறும்பொழுது முழங்காலோ உடலெடையைப்போல் மும்மடங்கு சுமக்கின்றது. மேலும், அங்கே புதிதாக வளர்வது பல வேளைகளில் வழவழப்பான குருத்தெலும்பாக அமையாமல் தழும்புபோன்ற நார்த்திசுவாகிவிடுகிறது. இதையெல்லாம் படித்துவிட்டு என் மருத்துவரிடம் ஆவலோடு சென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சிகள் நான்கை எழுதிக்கொடுத்தார். காலைதோறும் அவற்றைச் செய்துவருகிறேன்.