படைக்கலப் பெருக்கமும் அதன் விளைவுகளும்: 1933 – 1939 ஜேர்மனி தரும் பாடம்

நாட்டைக் காத்தல் அரசின் முதற் கடமை என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அரசனுக்குரிய உறுப்புக்கள் ஆறனுள் படையை முதற்கண் வைத்துக் கூறினார் திருவள்ளுவர். ஆயின், குடியும் கூழும் அவ்வாறனுள் அடங்கும் என்பதை மறத்தலாகாது. ஏனைய உறுப்புக்களோடு இசைந்து நிற்கும் படை நாட்டுக்கு அரணாகும். அவற்றை உண்டு வளரும் படையோ நாட்டையே போருக்குள் ஈர்த்துச் செல்லும். இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று, முதலாம் உலகப் போரில் தோல்வியுற்ற ஜேர்மனி 1933 ஆம் ஆண்டு முதல் 1939 ஆம் ஆண்டு வரை மீண்டும் படைக்கலம் பெருக்கிய வரலாறாகும். “ஹிட்லர் கொடியவரே, எனினும் வேலையற்றோர்க்கு வேலை கொடுத்தார்” என்று கூறுவார் இன்றும் உளர். அவ்வேலைக்குக் கொடுக்கப்பட்ட விலை யாது என்பதை அறிந்தாலன்றி அக்கூற்றை மதிப்பிடல் இயலாது.

1919 ஆம் ஆண்டின் வேர்செயில்ஸ் உடன்படிக்கை ஜேர்மனியின் தரைப்படையை 1 இலட்சம் பேர் என வரையறுத்தது. கட்டாயப் படைச்சேவை, விமானப்படை, தாங்கிகள், நீர்மூழ்கிக் கப்பல்கள் ஆகியன தடைசெய்யப்பட்டன. 1933 சனவரி 30 ஆந் திகதி ஹிட்லர் ஆட்சித் தலைமை ஏற்றார். அவ்வாண்டு ஒக்டோபரில் ஜேர்மனி ஆயுதக் குறைப்பு மாநாட்டினின்றும் சர்வதேச சங்கத்தினின்றும் விலகியது. 1935 மார்ச்சில் விமானப்படை உண்டென்பது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 16 ஆந் திகதி கட்டாயப் படைச்சேவை மீண்டும் விதிக்கப்பட்டது. வல்லரசுகள் கண்டனத்தோடு அமைந்தன. பிரித்தானியா அவ்வாண்டு யூன் மாதத்திலேயே, தன் கடற்படையில் 35 வீத அளவுக்கு ஜேர்மனி கப்பல் வைத்துக்கொள்ளலாமென ஒப்பந்தஞ் செய்தது. மறு ஆண்டு மார்ச்சில் ஜேர்மன் படை றைன் நதிப் பிரதேசத்துட் புகுந்தபோதும் எவரும் எதிர்த்திலர். இவ்வாறு, போர்க்களத்திற் பயன்படு முன்னரே படைக்கலம் அரசியற் பயனைத் தந்தது. ஹிட்லரின் துணிவு வளர்ந்தமைக்கும், அவரை எச்சரித்தவர் சொல் மதிப்பிழந்தமைக்கும் இவ்வெற்றிகளே காரணமாயின.

இத்துணைப் பெரும் படைக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது? வரியை உயர்த்தின் மக்கள் வெறுப்பர். வெளிப்படையாகக் கடன் பெறின் படைப்பெருக்கத்தின் அளவை அயல்நாடுகள் அறிந்துகொள்ளும். நாணயத்தாளை அச்சிட்டுக் குவிப்பின், 1923 ஆம் ஆண்டின் பணவீக்கத்தை மறவாத மக்கள் அஞ்சுவர். இந்நிலையில் மத்திய வங்கித் தலைவர் ஷாக்ட் கண்ட வழியே மெஃபோ உண்டியல் எனப்படுவது. குருப், சீமென்ஸ் முதலிய பெருந் தொழில் நிறுவனங்கள் சிலவற்றின் பெயரில், 10 இலட்சம் மார்க் முதலுடன் ஒரு கம்பனி அமைக்கப்பட்டது. ஆயுதஞ் செய்து கொடுத்தவர் தமக்குரிய தொகைக்கு அக்கம்பனியின் மீது உண்டியல் எழுதினர். கம்பனி அதனை ஏற்றது. அரசு பிணை நின்றது. மத்திய வங்கி கழிவு நீக்கி அதற்குப் பணங் கொடுக்க ஆயத்தமாயிருந்தது. கம்பனிக்கு ஆலையுமில்லை, விற்பனையுமில்லை. அது ஏட்டளவில் வாழ்ந்த நிறுவனம். 1938 ஆம் ஆண்டு வரையில் இவ்வகையால் ஏறத்தாழ 1,200 கோடி மார்க் திரட்டப்பட்டது. வரவுசெலவுத் திட்டத்தில் இக்கடன் இடம்பெறவில்லை. எனினும், மறைத்த கடனும் கடனே. அதற்குந் தவணை உண்டு.

இனி, வேலைவாய்ப்பை நோக்குவோம். 1933 தொடக்கத்தில் ஏறத்தாழ 60 இலட்சமாக இருந்த வேலையற்றோர் தொகை 1938 இல் 5 இலட்சத்துக்குங் குறைந்தது உண்மையே. தொடக்கத்திற் பொதுவேலைகளும், உலக மந்தம் தணிந்தமையும் துணைபுரிந்தன. பின்னர்ப் படைக்கலத் தொழிலே முதன்மை பெற்றது. இளைஞர் படையிற் சேர்க்கப்பட்டமையாலும் கணக்குச் சுருங்கியது. யூதர் முதலானோர் தொழில்களினின்று துரத்தப்பட, அவர் இருந்த இடங்கள் பிறர்க்காயின. வேலை பெற்ற தொழிலாளி இழந்தவையும் பல. 1933 மே 2 ஆந் திகதி தொழிற்சங்கங்கள் கைப்பற்றப்பட்டன. வேலைநிறுத்த உரிமை ஒழிந்தது. கூலி மந்தகாலத்து மட்டத்திலேயே நிறுத்தப்பட்டது. 1938 இல் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு படைக்கெனச் சென்றது. கலப்பைக்கு இட்ட இரும்பு ஆண்டுதோறும் விளைவாகத் திரும்பும். பீரங்கிக்கு இட்ட இரும்பு வெடித்தழியும், அன்றேல் துருவேறும். கூலி கையில் வந்தது. அக்கூலி கொண்டு வாங்கத்தக்க பண்டம் அதற்கேற்பப் பெருகவில்லை.

உள்நாட்டுக் கூலியை உண்டியலாற் கொடுத்தல் கூடும். அந்நிய நாட்டுப் பண்டத்தை அவ்வாறு வாங்கல் இயலாது. றப்பர், பெற்றோல், செம்பு, இரும்புக் கனியம் ஆகியவற்றுக்கு ஜேர்மனி பிறநாடுகளையே பெரிதும் நம்பியிருந்தது. இவற்றை வாங்க அந்நிய நாணயம் வேண்டும். அதனை ஈட்ட ஏற்றுமதி வேண்டும். ஏற்றுமதிப் பண்டஞ் செய்யவேண்டிய ஆலைகளோ படைக்கலஞ் செய்வதில் முனைந்திருந்தன. 1934 செப்ரெம்பரில் வந்த ‘புதிய திட்டம்’ இறக்குமதி முழுவதையும் அரசின் அனுமதிக்கு உட்படுத்தியது. ஹங்கேரி, யூகோசிலாவியா, ருமேனியா, பல்கேரியா ஆகிய நாடுகளின் தானியத்தையும் புகையிலையையும் வாங்கிய ஜேர்மனி, அவற்றின் விலையைப் பேர்லினிற் கணக்காக வைத்தது. அத்தொகைக்கு அந்நாடுகள் ஜேர்மன் பண்டங்களையே கொள்ளவேண்டியிருந்தது. வாணிகக் கணக்கே காலப்போக்கில் அரசியற் கட்டாயிற்று.

1935 இறுதியில் வெண்ணெய்க்கும் கொழுப்புக்குந் தட்டுப்பாடு தோன்றியது. இருந்த சிறிதளவு அந்நிய நாணயத்தைக் கொண்டு மக்களுக்கு உணவு வாங்குவதா, படைக்கு உலோகம் வாங்குவதா என்பதே வினா. படைச்செலவின் வேகத்தைத் தணித்து ஏற்றுமதியை வளர்க்கவேண்டும் என்றார் ஷாக்ட். ஹிட்லரோ 1936 ஓகஸ்ட் மாதத்து இரகசியக் குறிப்பொன்றில், நான்காண்டினுட் படையும் பொருளாதாரமும் போருக்கு ஆயத்தமாதல் வேண்டும் எனப் பணித்தார். அவ்வாறு பிறந்த நான்காண்டுத் திட்டம் கோரிங் வசம் ஒப்படைக்கப்பட்டது. நிலக்கரியிலிருந்து பெற்றோலும், செயற்கை றப்பரும், தரங்குறைந்த கனியத்திலிருந்து இரும்பும் செலவு பாராது செய்யப்பட்டன. ஷாக்ட் 1937 நவம்பரிற் பொருளாதார அமைச்சர் பதவியினின்று விலகினார்.

படைக்கலம் விரைவிற் பழையதாகும் இயல்பினது. ஒரு நாடு படை பெருக்க, அயல்நாடுகளும் அஞ்சித் தாமும் பெருக்கும். முந்தித் தொடங்கியவன் பெற்ற மேம்பாடு ஆண்டுதோறுந் தேயும். 1937 நவம்பர் 5 ஆந் திகதி ஹிட்லர் படைத்தலைவர்க்கு ஆற்றிய உரையை ஹொஸ்பாக் என்னும் அதிகாரி குறித்துவைத்தார். 1943 – 45 ஆம் ஆண்டுகளுக்குப் பின் ஜேர்மனியின் நிலை தாழவே செய்யும். ஆதலின், அதற்குப் பிந்தாமல் வலிமையால் நிலங்கொள்ளல் வேண்டும் என்பது அதன் சாரம். போர் வேட்கை ஹிட்லரின் உள்ளத்திற் பண்டே இருந்தது. அதற்கு நாட்குறித்துக் கொடுத்தது படைப்பெருக்கமே. 1938 மார்ச்சில் ஒஸ்திரியா இணைக்கப்பட்டபோது அதன் மத்திய வங்கியின் பொன் பேர்லினுக்குச் சென்றது. 1939 மார்ச்சிற் செக் நாடு கைப்பற்றப்பட்டபோது அதன் ஆயுதங்களும் ஸ்கோடா ஆலைகளும் கிட்டின. படைக்கலத்தாற் பிறந்த பற்றாக்குறை, படைக்கலங் காட்டி அயலார் பொருளைக் கவர்ந்து நிரப்பப்பட்டது.

1939 சனவரியில் மத்திய வங்கி நிருவாகிகள், வரம்பிலாச் செலவு நாணயத்தை அழிக்கும் என எழுத்தில் எச்சரித்தனர். விடையாக ஷாக்ட் பதவி நீக்கப்பட்டார். யூனில் வந்த சட்டம் வங்கியை ஹிட்லரின் நேரடி ஆணைக்கு உட்படுத்தியது. செப்ரெம்பர் 1 ஆந் திகதி போர் மூண்டது. போரின்பின் நூரம்பேக்கில் விசாரிக்கப்பட்ட ஷாக்ட் 1946 இல் விடுவிக்கப்பட்டார். எனினும், தீ மூட்ட விறகு கொடுத்தவர், பின்னர் அது பரவுதலைக் கண்டு தடுக்க முயன்று தோற்றார் என்பதே வரலாறு காட்டும் உண்மை.

இதனாற் படையே வேண்டாவென்பது பெறப்படாது. பிரித்தானியா 1935 முதல் படை பெருக்கத் தொடங்கியது, 1937 இற் பாராளுமன்றம் 40 கோடி பவுண் வரையிற் கடன் பெறச் சட்டமியற்றியது, வரியும் உயர்ந்தது. செல்வ நிலையும் பாதுகாப்பின் ஓர் அங்கமே எனத் திறைசேரி வற்புறுத்தியது. அவ்வெச்சரிக்கையால் நேர்ந்த தாமதம் 1938 இல் மியூனிக்கிற் பிரித்தானியாவைத் தளர்த்திய காரணங்களுள் ஒன்று. எனினும், செலவை அறிந்து மறுத்துரைக்க அங்கே ஒரு மன்றம் இருந்தது.

இன்று உலகம் மீண்டும் படைக்கலம் பெருக்குகின்றது. 2022 இல் உக்ரேயின் மீது றஷ்யா படையெடுத்தபின், ஜேர்மனி தன் அரசியலமைப்பைத் திருத்தி 10,000 கோடி யூரோ ஒதுக்கியது. 2025 யூனில் ஹேக் நகரிற் கூடிய நேட்டோ நாடுகள், 2035 அளவில் நாட்டு உற்பத்தியில் 5 வீதத்தைப் பாதுகாப்புக்கும் அதனைச் சார்ந்த துறைகளுக்குஞ் செலவிட உடன்பட்டன. இவற்றை ஹிட்லர் காலத்தோடு ஒன்றாக எண்ணுதல் தவறு. இவை மன்றங்களில் விவாதிக்கப்பட்டவை. ஆயினும், எக்காலத்தும் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று உள. செலவு முழுவதும் மக்கள் காணக் கணக்கில் உள்ளதா? அதன்பொருட்டு எவர் எதனை இழக்கின்றனர்? அச்சம் நீங்கியவிடத்து அப்பெருக்கத்தை நிறுத்தும் ஆற்றல் அரசுக்கு உண்டா? மூன்றாவது வினாவுக்கு இல்லையென விடை வருமாயின், அந்நாட்டிற் படை அரசுக்கு ஏவல் செய்யவில்லை. அரசே படைக்கு ஏவல் செய்கின்றது என்க.